கண்ணாடிப் பெட்டிமேல் உட்கார்ந்தவள்

சோங்யாவ் மாமா யார் வீட்டுக்கும் சும்மா வருவதில்லை, எழுந்தருளுவார்.

முதலில் அவருடைய சென்ட் வாசனை வரும். அடுத்து, கைப்பேசியில் யாரிடமோ உரக்கப் பேசும் குரல் வரும். கடைசியாகத்தான் மாமா வருவார். வந்து உட்கார்ந்ததும் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். சொந்தத் தங்கை வீட்டில் எதற்கு விசிட்டிங் கார்டு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

‘முதன்மைத் தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று கார்டில் பொன்னிற எழுத்தில் அச்சடித்திருக்கும். மாமா தைச்சூங் நகரில் கைப்பேசி உறை விற்கிறார். கடைக்கு வருகிறவர்கள், “சிவப்பு எடுக்கலாமா, நீலம் எடுக்கலாமா?” என்று கேட்பார்கள். “சிவப்பு” என்பார் மாமா. அதுவும் ஆலோசனைதானே?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தது, கம்ப்யூட்டர் விஷயமாக.

மாமாவின் தங்கை மகள் சின்பெய்க்குப் பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு. அவளும் அம்மாவும் ஆற்றங்கரை ஊரான சான்சோங்கில், நாலாவது மாடியில் இருந்தார்கள். அப்பா ஹுவாலியனில் ஜல்லி லாரி ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை வருவார். அம்மா தகரக் கூரை போடும் பட்டறையில் வேலை செய்கிறார். சான்சோங்கில் எந்த மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலும் பச்சையும் நீலமுமாகத் தகரக் கூரைகள்தான். அவற்றில் பாதி, அம்மா வெட்டி மடித்து மேலே ஏறிப் பூட்டியவை.

இரண்டு வருடமாக அம்மா மாலை வகுப்புக்குப் போய்க் கூரை வரைபடம் போடக் கற்றிருந்தார். பட்டறையில் வரைபட மேசை ஒன்றும், அதன்மேல் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவன் முதலாளியின் அண்ணன் மகன் ஷெங்கை. அவன் வரைந்ததை யாரும் பார்த்ததில்லை. அவன் கம்ப்யூட்டர் விளையாட்டில் டாங்கி ஓட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டான்.

ஒருநாள் அம்மா முதலாளியிடமே போய் அந்த வேலையைக் கேட்டுவிட்டார். முதலாளி மோவாயைச் சொறிந்துகொண்டு, “பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. புதுக் கிடங்குக்குக் கூரை வரைபடம் கொண்டு வா. சரியா இருந்தா அந்த நாற்காலி உனக்கு. இல்லேன்னா ஷெங்கையே இருக்கட்டும்” என்றார்.

வரைய வேண்டுமென்றால் வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும். கையிலிருந்தது பதின்மூன்றாயிரம் யுவான். அதில் தப்பு செய்துவிட்டால் இன்னொரு பதின்மூன்றாயிரம் கிடையாது.

“எது எது வாங்கணும்னு நீ பார்த்து வைடி” என்று அம்மா சின்பெய்யிடம் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் சந்தையில் ஒரு கடை, தன்னிடமுள்ள எல்லாப் பாகங்களின் விலையையும் எறும்பு எழுத்தில் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும். விரித்தால் படுக்கை விரிப்பு அளவுக்கு இருக்கும். சின்பெய் மூன்று வாரமாக அதைத்தான் படித்தாள். பேருந்தில் படித்தாள். நூடுல்ஸ் சாப்பிடும்போது படித்தாள். குழம்பு சிந்திய இடத்தில் மட்டும் எட்டு மெமரிகளின் விலை தெரியாமல் போயிற்று. கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா மரியாதைக்கு அண்ணனிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அண்ணன் எழுந்தருளிவிட்டார்.

“தங்கச்சி, கம்ப்யூட்டர்ங்கறது வீட்டோட முகம்” என்று மாமா தேநீரை உறிஞ்சினார். “வர்றவன் முதல்ல எதைப் பார்ப்பான்? கேபினெட்டைத்தான். அதனால மூணு பக்கமும் கண்ணாடி வச்ச கேபினெட். உள்ள ஆறு ஃபேன். ஆறும் ஏழு கலர்ல எரியும்.”

“நம்ம வீட்டுக்கு யாரு மாமா வர்றாங்க?” என்றாள் சின்பெய். “கேஸ் சிலிண்டர் அண்ணனும் நீங்களும்தான்.”

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டியலை எழுதிக்கொண்டே போனார். கண்ணாடி கேபினெட் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். விளக்கு ஃபேன் ஆயிரம். விளக்கு எரியும் மெமரி, எட்டு ஜி.பி.

“வகுப்புல குடுத்த தாள்ல பதினாறு ஜி.பி. வேணும்னு போட்டிருக்கு மாமா. அதுக்குக் கீழே இருந்தா கூரையைத் திருப்பிப் பார்க்கும்போது நின்னுடுமாம்.”

“எட்டு ராசியான நம்பர், குட்டி.”

“வரைபட மென்பொருளுக்கு ராசி பார்க்கத் தெரியாதே மாமா!”

“சின்பெய்!” என்றார் அம்மா.

சின்பெய் பட்டியலை எட்டிப் பார்த்தாள். புராசஸர் இருந்த வரியில் அவள் விரல் நின்றது. “மாமா, இது வேணாம். இந்த புராசஸர்ல படம் காட்டுற பகுதி கிடையாது. விலைத்தாள்ல கீழே குட்டி எழுத்துல போட்டிருக்காங்க. இதை வாங்கினா தனியா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும். அதுக்கு நம்மகிட்ட காசு இல்லை. பக்கத்து வரியில இருக்கறது அறுநூறு யுவான்தான் கூட. அதுக்குள்ளயே படம் வரும்.”

மாமா பேனாவை மூடினார். அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, “கண்ணு, படத்தை யாரு காட்டுவாங்க? ஸ்கிரீன் காட்டும். அதுக்குத்தானே ஸ்கிரீன் வாங்கறோம்? புராசஸர் எதுக்குப் படம் காட்டணும்? நான் அறுநூறு மிச்சம் பிடிச்சிருக்கேன். இதுக்குப் பேர்தான் ஆலோசனை” என்றார்.

அதோடு கைப்பேசியில் பஞ்சாங்கத்தைத் தட்டிப் பார்த்தார். “சனிக்கிழமை வாங்கறோம். ஆனா அன்னைக்கு ஆன் பண்ணக் கூடாது. அதுக்கு அடுத்த புதன்கிழமை சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் நல்ல நேரம். நானே வந்து ஆன் பண்ணி வைக்கறேன்.”

சமையலறையில் அம்மா கொய்யாப்பழத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். சின்பெய் பின்னாலேயே போனாள்.

“அம்மா, அவரோட பட்டியல்ல படமே வராது.”

“தெரியாம எழுதுவாரா? என்னைவிட மூத்தவர். நாம எதிர்த்துச் சொன்னா அவர் முகம் என்ன ஆகும்?”

“அவர் முகத்துக்கு நாம ஏம்மா பதிமூணாயிரம் குடுக்கணும்?”

அம்மாவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கியது.

சனிக்கிழமை, சந்தையின் மூன்றாவது மாடியில் நிற்க இடமில்லை. ‘நூறு நதி’ என்ற கடையின் நீளமான மேசைக்குப் பின்னால் ஆ-தே என்ற இளைஞர் நின்றிருந்தார். காதில் ஒரு பென்சில். முகத்தில் தூக்கக் கலக்கம். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு மெஷின்மேலும் பச்சை நிறத்தில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் இருந்தது. அதை வைத்தால்தான் மெஷின் சமர்த்தாக ஓடும். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும்; மஞ்சளை வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். தேதி தாண்டிய பொட்டலத்துக்குப் பலன் இல்லை. அந்த ஊரில் இது பால்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மாமா பட்டியலை நீட்டினார். ஆ-தே அதை மேலிருந்து கீழே படித்தார். ஓரிடத்தில் புருவம் உயர்ந்தது.

“சார், இந்த புராசஸர் எடுத்தீங்கன்னா—”

மாமா உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மற்றொரு கையால் விசிட்டிங் கார்டை வைத்தார். ஆ-தே கார்டின் முன்பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அங்கே ஒன்றுமில்லை.

“சரிங்க, ஆலோசகர் சார்” என்று பெட்டிகளை எடுக்கப் போனார்.

பெட்டிகள் வந்து குவிந்தன. கண்ணாடி கேபினெட்டின் அட்டைப்பெட்டி சின்பெய்யின் மார்பு உயரம் இருந்தது. அதைப் படுக்கப் போட்டு, மற்றவற்றை அதன் பக்கத்தில் அடுக்கினார்கள். அம்மா கைப்பையைத் திறந்து பணம் வைத்திருந்த உறையை எடுத்தார்.

சின்பெய் சுவரைப் பார்த்தாள். அங்கே இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. ஒன்று: ‘பணம் கட்டி வெளியே எடுத்துப்போன பாகங்களைத் திருப்பி எடுக்க மாட்டோம்.’ இன்னொன்று: ‘கேட்டால், பணம் கட்டும் முன் ஒளிரவிட்டுக் காட்டுவோம்.’

ஒளிரவிடுவது என்றால், பாகங்களை அப்படியே மேசைமேல் பரப்பி, ஒன்றோடொன்று இணைத்து, ஸ்கிரீனில் படம் வருகிறதா என்று பார்ப்பது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்க்காமல் கடையை விட்டு நகர மாட்டார்கள்.

“அண்ணா, ஒளிரவிட்டுக் காட்டுங்க” என்றாள் சின்பெய்.

“அதெல்லாம் வேண்டாம்” என்றார் மாமா. “முதல் தடவை ஆன் பண்றது புதன்கிழமை. இன்னைக்கே ஆன் பண்ணிட்டா அப்புறம் நல்ல நேரத்துக்கு என்ன மரியாதை? தங்கச்சி, நீ பணத்தைக் கட்டு.”

அம்மா உறையைப் பிரித்தார்.

சின்பெய் கண்ணாடி கேபினெட் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

“ஏய்! இறங்கு! உள்ள கண்ணாடி இருக்கு!” மாமா பதறினார்.

“ஒளிரவிட்டுக் காட்டினா இறங்கறேன்.”

“எல்லாரும் பார்க்கறாங்க, இறங்குடி.”

“பார்க்கட்டும் மாமா. வீட்டோட முகம்னு நீங்கதானே சொன்னீங்க?”

கீபோர்டு வாங்க வந்த பையன்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குளிர்பானம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஓர் அத்தை, “பணம் கட்டறவங்க பார்த்துத்தானேப்பா வாங்கணும்?” என்றார்.

“இது குடும்ப விஷயம்” என்றார் மாமா.

“அப்போ வீட்டுல பேசியிருக்கணும். இங்கே பேசினா எங்களுக்கும் விஷயம்தான்” என்று அத்தை உறிஞ்சுவதைத் தொடர்ந்தார்.

மாமா குரலைத் தாழ்த்தினார். “சின்பெய், பெரியவங்களை நம்பணும்.”

“நம்பறேன் மாமா. மெஷினைத்தான் நம்பல.” அவள் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இது அம்மாவோட நாற்காலி. படம் வரலேன்னா வரைபடம் இல்லை. வரைபடம் இல்லேன்னா நாற்காலி இல்லை. புதன்கிழமை வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. ராத்திரி வரைக்கும் வேணா இங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேற வேலை இல்லை.”

அம்மா மகளைப் பார்த்தார். பிறகு உறையை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

“அண்ணா, ஒரு தடவை பார்த்துடலாம்” என்றார் மாமாவிடம்.

ஆ-தேவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மேசையைத் துடைத்தார். மதர்போர்டை வைத்தார். புராசஸரைப் பொருத்தினார். மெமரியைச் சொருகினார். விளக்கு ஃபேன்களையும் இணைத்தார். கடையின் ஸ்கிரீன் ஒன்றை இழுத்து வைத்து கேபிளை மாட்டினார். பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பொத்தானைத் தொட்டார்.

அடடா! ஆறு ஃபேன்களும் சுழன்றன. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வண்ணங்கள் ஓடின. மெமரி வானவில்லாக மின்னியது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான வெளிச்சம்.

“பார்த்தியா!” என்று மாமா கைகளை விரித்தார்.

“ஸ்கிரீனைப் பாருங்க மாமா” என்றாள் சின்பெய்.

ஸ்கிரீன் கருப்பாக இருந்தது. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று இரண்டு சொற்கள்.

“ஸ்கிரீன் கெட்டுப்போச்சு” என்றார் மாமா.

ஆ-தே வேறு ஸ்கிரீன் வைத்தார். சிக்னல் இல்லை.

“கேபிள்!”

கேபிளை மாற்றினார். சிக்னல் இல்லை.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் பொட்டலத்தில் விழுந்தது. எடுத்துத் திருப்பினார். “ஹா! பாருங்க! தேதி போன வாரத்தோட முடிஞ்சுபோச்சு! இதை வச்சா எப்படிப் படம் வரும்? இதெல்லாம் ஒரு கடையா?”

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். தேதி தாண்டிய பொட்டலம் என்பது விளையாட்டு விஷயமில்லை. ஆ-தேவே சற்றுச் சங்கடப்பட்டு, அடியிலிருந்து புதுப் பொட்டலம் எடுத்து வைத்தார். மறுபடி பொத்தானைத் தொட்டார். வானவில் ஓடியது. ஸ்கிரீன் கருப்பாகவே நின்றது.

“இன்னொண்ணு வைங்க” என்றார் மாமா.

இரண்டு பொட்டலம் வைத்தார்கள். பிறகு மூன்று. சோளப்பொரிக்கு நடுவே மெஷின் விருந்தாளிபோல ஜொலித்தது. படம் மட்டும் வரவில்லை.

“இன்னைக்கு நாளே சரியில்லை” என்றார் மாமா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “அதான் புதன்கிழமைன்னு சொன்னேன்.”

சின்பெய் பெட்டிமேலிருந்து இறங்கினாள். அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஆ-தே அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. இந்த புராசஸர் புதன்கிழமை படம் காட்டுமா?”

“எந்தக் கிழமையும் காட்டாது” என்றார் ஆ-தே. “அதுல படம் காட்டுற பகுதியே கிடையாது.”

“இதை முன்னாடியே சொல்லறதுக்கு என்னய்யா?” என்று மாமா சீறினார்.

ஆ-தே விசிட்டிங் கார்டை எடுத்து மறுபடி பின்பக்கம் பார்த்தார். “சொல்ல வந்தேங்க. ஆலோசகருக்கே ஆலோசனை சொல்லறதான்னு நிறுத்திக்கிட்டேன்.”

குளிர்பான அத்தைக்குப் புரையேறியது.

மாமாவின் முகம் அந்த ஃபேன்களைப்போல நிறம் மாறிற்று. ஆனால் அவர் விடவில்லை. “சரி, போனாப் போகுது. புராசஸரை மட்டும் மாத்து. மத்ததெல்லாம் நான் சொன்னபடியே இருக்கட்டும். கேபினெட்டை மாத்தாதே.”

அம்மா ஓர் அடி முன்னால் வந்தார்.

“இல்லைண்ணா. இது என் பணம். கூரை மேல வெயில்ல நின்னு சம்பாதிச்சது. என் பொண்ணு சொல்லறதைத்தான் வாங்கப் போறேன்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் மாமா ஓர் அடி பின்னால் போனார். “சின்பெய், உன் பட்டியலை எடு.”

சின்பெய் பள்ளி நோட்டைத் திறந்தாள். நடுப்பக்கத்தில், அடித்துத் திருத்தி எழுதிய பட்டியல்.

“படம் காட்டுற புராசஸர் ஒண்ணு. மெமரி பதினாறு, விளக்கு இல்லாதது. எட்டு எட்டா ரெண்டு துண்டு போடுங்க, ஒரே துண்டைவிட அதுதான் படத்துக்கு நல்லது. எஸ்.எஸ்.டி. ஐந்நூறு ஜி.பி. அப்புறம் கரண்ட் குடுக்கற எஸ்.எம்.பி.எஸ்., இதோ இந்தக் கம்பெனிதான். மாமா எழுதினது வேணாம், அது பேரே கேள்விப்பட்டதில்லை. கரண்ட்ல போய் மிச்சம் பிடிக்கக் கூடாது. போன வருஷத்து மதர்போர்டு போதும். ஸ்கிரீன் இருபத்திரண்டு அங்குலம். கீபோர்டும் மவுஸும் இருக்கறதுலயே விலை குறைஞ்சது.”

ஆ-தே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்றைக்கூட மறுக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். வந்தபோது மட்டும் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவளுக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு கூட்டிப் பார்த்தார்.

“பன்னிரண்டாயிரத்து எண்ணூத்து இருபது. மிச்சம் நூத்தி எண்பது இருக்கு. கேபினெட்?”

சின்பெய் நோட்டைப் பார்த்தாள். அந்த ஒரு வரிதான் மூன்று வாரமாகக் காலியாகவே இருந்தது. எதைக் குறைத்தாலும் வேலை கெட்டது. இருப்பதிலேயே மலிவான கேபினெட் அறுநூறு.

“கேபினெட் இல்லை” என்றாள் மெதுவாக. “அட்டைப்பெட்டியில வச்சுக்கலாம்னு நினைச்சேன்.”

மாமாவுக்கு உயிர் வந்தது. “கேட்டீங்களா? கேபினெட் இல்லாத கம்ப்யூட்டராம்! அட்டைப்பெட்டியாம்! நெருப்புப் பிடிக்கும். நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க. குளிச்சிட்டுத் துணி கட்டாம வெளியே வந்த மாதிரி!”

கீபோர்டுப் பையன்கள் சிரித்தார்கள். சின்பெய்யின் காது சூடானது.

அம்மா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த மதர்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் துழாவி, எப்போதும் அதிலிருக்கும் அளவு நாடாவை எடுத்தார். நீளம் பார்த்தார். அகலம் பார்த்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பிப் போட்டு அளந்தார்.

“தம்பி, இது என்ன, வெறும் தகரம்தானே?” என்று கண்ணாடி கேபினெட்டின் சட்டத்தை விரலால் சுண்டினார்.

“ஆமாங்கக்கா. தகரம், கொஞ்சம் கண்ணாடி, நிறைய விளம்பரம்.”

“நான் கிடங்குக்கே கூரை போடறவ. ஒரு கம்ப்யூட்டருக்குக் கூரை போட மாட்டேனா?”

ஆ-தே வாய்விட்டுச் சிரித்தார். மதர்போர்டு அளவில் வெட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்து, “ஓட்டை எங்கெங்கே போடணும்னு இதுல இருக்குக்கா” என்றார். ஒரு கைப்பிடி பித்தளைக் குமிழ்களையும் கொடுத்தார்.

“மதர்போர்டு தகரத்துல பட்டுடக் கூடாதும்மா, கருகிடும். இது மேலதான் உட்காரணும்” என்று சின்பெய் குமிழ்களை எண்ணி வாங்கிக்கொண்டாள். “ஆ-தே அண்ணா, இப்போ ஒளிரவிட்டுக் காட்டுங்க.”

வானவில் எதுவும் ஓடவில்லை. ஒரே ஒரு ஃபேன் முணுமுணுத்தது. ஸ்கிரீனில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

அம்மா பணத்தைக் கட்டினார். கண்ணாடி கேபினெட்டை ஆ-தே மறுபடி அலமாரியில் ஏற்றினார். மாமா பெட்டிகளைப் பார்த்தார், தன் பளபளப்பான காலணியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“மாமா, ஸ்கிரீன்தான் இருக்கறதுலயே பத்திரமாத் தூக்க வேண்டியது. நீங்க தூக்கறீங்களா?” என்றாள் சின்பெய்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதை மத்தவங்ககிட்டக் குடுக்க முடியாது” என்று சொல்லி, ஸ்கிரீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெட்ரோவரை வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். அம்மாவிடம் சாவி உண்டு. முதலாளியிடம் சொல்லிவிட்டு, மிச்சமான பச்சைக் கூரைத் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அம்மா வெட்டினார். மடிக்கும் மெஷினின் கைப்பிடியை அழுத்தினார். தகடு கிரீச்சென்று கத்தி, பெட்டியின் வடிவத்துக்கு வந்தது.

“காத்து எங்கேருந்து வரணும்?”

“கீழே முன்னாடி இருந்து வந்து, மேலே பின்னாடி போகணும்மா. சூடு மேலதானே ஏறும்?”

“கிடங்குக்கும் அப்படித்தான்” என்றார் அம்மா. கீழே ஒரு வரிசைத் துளை போட்டார். மேலே, கூரையிலிருக்கும் காற்றுப் போக்கியைப்போலவே ஒரு சின்ன மூடி வைத்தார். விளிம்பில் கை அறுக்காமல் இருக்க எல்லா ஓரத்தையும் உள்ளே மடித்துவிட்டார். எல்லாம் முடிந்தபோது அது சான்சோங்கின் ஏதோ ஒரு மாடியிலிருந்து பெயர்த்தெடுத்த குட்டி வீடுபோல இருந்தது.

அன்று மாலையே அம்மா வரைய உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை நாலே முக்காலுக்கு மாமா தைச்சூங்கிலிருந்து எழுந்தருளினார். புதுச் சட்டை. கையில் ஒரு பச்சைப் பொட்டலம். தேதியைப் பார்த்து வாங்கியது. உள்ளே வந்தவர் தகரப் பெட்டியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. சின்பெய் அதை அணைத்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஐந்து மணிக்கு மாமா கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்து, பொத்தானைத் தொட்டார். படம் வந்தது.

“பார்த்தியா குட்டி? நேரம் பார்த்து ஆன் பண்ணினா எப்படி வருது!”

மாமாவின் கணக்கில் அது முதல் தடவை. உண்மையில் அது பதினேழாவது. சின்பெய் வாயைத் திறந்தாள். அம்மா பார்ப்பதைக் கவனித்தாள். திறந்த வாயில் ஒரு கொய்யாத் துண்டைப் போட்டுக்கொண்டாள்.

“இடுக்கு தெரியாம மடிச்சிருக்கே தங்கச்சி” என்று மாமா பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இந்த மாதிரி, கைப்பேசிக்கு ஒரு ஸ்டாண்டு செய்ய முடியுமா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சின்பெய் நேராகப் பட்டறைக்கு ஓடினாள். முதலாளியின் மேசைமேல் வரைபடம் விரிந்திருந்தது. நான்கு தாள்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷெங்கை தன் நாற்காலியில் கிட்டத்தட்டப் படுத்தபடி டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான்.

“வீட்டுல தகர டப்பாவுல வரைஞ்சதாம் சித்தப்பா” என்றான், திரும்பாமலே. “டப்பாவுல வரைஞ்சா டப்பா மாதிரிதான் இருக்கும்.”

மூன்றாவது தாளில் முதலாளியின் விரல் ஒரு மூலைக்குப் போய் நின்றது.

“மழைத்தண்ணிக் குழாயை இந்த மூலையில வச்சிருக்கே. நான் குடுத்த படத்துல எதிர்ப்பக்கம்தானே இருந்தது? யார் உன்னை மாத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லலை” என்றார் அம்மா. “அந்த இடத்தை நேர்ல போய்ப் பார்த்தேன். தரை இந்தப் பக்கமா இறங்குது. நீங்க குடுத்த மாதிரி வச்சா முதல் புயலுக்கே தண்ணி கிடங்குக்குள்ள வரும். பதினெட்டு வருஷமா கூரை மேல நிக்கறேன் முதலாளி. எங்கே தண்ணி தேங்கும்னு எனக்குத் தெரியும்.”

முதலாளி மோவாயைச் சொறிந்தார். தாள்களை ஒன்றுசேர்த்துத் தட்டி அடுக்கினார்.

“ஷெங்கை, எழுந்திரு.”

“ஒரு நிமிஷம் சித்தப்பா, இந்த ஆட்டம் முடிஞ்சதும்—”

“ஆட்டம் முடிஞ்சிடுச்சு. எழுந்திரு.”

ஷெங்கை எழுந்தான். அவன் நடந்துபோன திசையைக்கூட அம்மா பார்க்கவில்லை. நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றார். அது தாழ்ந்து, பின்பக்கம் சாய்ந்து, அவன் படுப்பதற்குத் தோதாகக் கிடந்தது. அடியிலிருந்த பிடியை இழுத்து, தன் உயரத்துக்கு ஏற்றினார். சாய்வை நிமிர்த்தினார். சக்கரத்தில் சிக்கியிருந்த மிட்டாய்க் காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.